பொன்னுரங்கம் பேசுகிறேன்

சட்டைப்பையின் மேல் கறுப்புப் பட்டை,
அதில் வெள்ளை எழுத்து: எல்டர் பொன்னுரங்கம்.
எல்டர் என்றால் மூப்பர்.
எனக்கு இருபது வயது.

பொன்னுரங்கம் என் பெயரும் இல்லை.
பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் நிற்பது,
வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது.
ரேஷன் கடையில் கேட்டால்கூட
அம்மா கார்டைத்தான் நீட்டுவாள்.

இங்கே கொட்டாஞ்சேனையில்
பாண்காரன் கூட அதைக் கூப்பிட்டுவிட்டான்.
"பொன்னுரங்கம், மழை வருது, குடை எங்க?"
முதல் மாதம் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்,
அப்பா வந்துவிட்டாரோ என்று.

கூட்டாளி தவ்ஃபா, தொங்காத் தீவுக்காரன்.
ஆட்டோவில் அவன் ஏறியபின் மிஞ்சும் இடம் எனக்கு.
எங்கே போனாலும் இரண்டு பேர், அது விதி.
ஒரே மேசையில் வேதம்,
ஒரே சட்டியில் பருப்பு,
ஒரே வாளியில் இருவரின் காலர் அழுக்கு.
தமிழில் ஜெபிக்கப் பழகுகிறான்:
"ஆண்டவரே, எங்கள் முழங்கால்களுக்கு நன்றி."
அன்று சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டேன்.
இப்போது நானும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

நாற்பது கதவு தட்டினால் ஐந்து திறக்கும்.
திறந்த ஐந்திலும் தேத்தண்ணி வரும்.
வேண்டாம் என்பதற்கு ஒரு வாக்கியம் மனப்பாடம்.
மீட்பைப் பற்றிச் சொன்னதைவிட
அதைத்தான் அதிகம் சொல்லியிருப்பேன்.

சிங்காநல்லூரில் அப்பாவிடமும் சொன்னேன்,
ஞானஸ்நானம் எடுத்த வாரம்.
டீ வடிகட்டும் துணியைப் பிடித்தபடி நின்றார்.
இருபத்தாறு வருடக் கடை.
"நம்ம டீயுமா ஆகாது?"
அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

போன வைகாசியில் களனி ஆறு ஏறி
கிராண்ட்பாஸ் சந்துகளுக்குள் வந்தது.
டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு
சுகந்தமலர் வீட்டுச் சேற்றை வாளி வாளியாக அள்ளினோம்.
தவ்ஃபா ஃபிரிட்ஜை ஒற்றை ஆளாகத் தூக்கினான்.
தெருவே கைதட்டியது.
மஸ்கெலியாவில் கொழுந்து பறித்த கை அவளுக்கு,
விரல் நுனிகளில் இன்னும் கறுப்புக் கோடுகள்.
தப்பிய இரண்டு கோப்பைகளில்
பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்தாள்.

அந்த வாக்கியம் என் தொண்டை வரை வந்தது.
வந்து, அங்கேயே நின்றது.
அவளே நினைத்துக்கொண்டாள்:
"ஐயோ, உங்களுக்கு ஆகாதே."
ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பதில் இருந்தது,
மூன்று வசனங்களோடு.
சாயத்தைப் பக்கத்து வீட்டுக் கிழவருக்குக் கொடுத்துவிட்டு
சுடுதண்ணியில் சீனி போட்டு அதே கோப்பையில் தந்தாள்.
அதில் தேயிலை வாசம் இருந்தது.
கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

சத்தியத்தைச் சுமந்துகொண்டு போனவன்
வயிற்றில் சீனித்தண்ணியோடு திரும்பி வந்தேன்.
அன்றிரவு கட்டிலோரம் முழங்காலிட்டதும்
கேட்பதற்கு ஒன்றும் இல்லை.
சும்மா இருந்தேன்.
முதல் தடவையாக
யாரோ எதிரே உட்கார்ந்து
அவரும் சும்மா இருந்ததுபோல.

திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள்.
வீட்டுக்குப் பேசவும் அன்றைக்குத்தான்.
எப்போதும் அம்மாதான் எடுப்பாள்.
பின்னால் டிவி, டிவிக்கும் பின்னால் ஒரு இருமல்.
அந்த இருமலுக்குக் கேட்கும்படி
கொஞ்சம் சத்தமாகவே பேசுவேன்.

நேற்று அம்மா எங்கே போயிருந்தாளோ,
"யாரு?" என்றது இருமல்.
ஒன்றரை வருடப் பழக்கம்,
வாய் முந்திக்கொண்டது:
"பொன்னுரங்கம் பேசுறேன்."

டிவி நின்றது.
இங்கே சட்டை பிழிந்துகொண்டிருந்த தவ்ஃபாவும் நின்றான்,
தண்ணீர் அவன் காலில் சொட்ட.

"ஓ," என்றார்.
ரொம்ப நேரம் கழித்து,
"அங்க எப்படி இருக்காரு பொன்னுரங்கம்?"

"மழைங்கப்பா," என்றேன்.
வேறெதுவும் வரவில்லை.

"துணி காயுதா?"

"காயலைங்கப்பா."