இருபத்தைந்து கிலோ

முதலில் சட்டைக் கழுத்திலிருந்த துணிச்சீட்டைக் கத்தரித்தேன்.
பிறகு பொத்தான்களை.
பிறகு தையல் உறுத்தாமலிருக்க
உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டேன்.
பென்னாகரம் பஸ்ஸில் ஒருவர்
"சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்கம்மா" என்றார்.
தெரியும் என்றேன்.

லோகித்துக்கு ஒன்பது வயது.
ஈ உட்கார்ந்தால் அலறுவான்.
ஃபேன் காற்றில் எழும் கைமயிரை
ஒவ்வொன்றாய் அமுக்கிவிட்டுக்கொண்டிருப்பான்.
முடிவெட்ட நாலு பேர் பிடிக்க வேண்டும்.
அதையும் விட்டுவிட்டோம்.

அவன் அப்பா ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்க்கிறவர்.
மாதையன் என்றால் பரிசல் துறையில் தெரியும்.
முதுகில் எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று
கட்டைவிரலே கண்டுபிடித்துவிடும்.
சாயங்காலம் வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டு
மகனுக்கு மூன்றடி தள்ளி உட்காருவார்.

தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா
ஓ.பி. சீட்டின் பின்பக்கம் ஒரு கையை வரைந்து
அதிலிருந்து முதுகுத்தண்டுக்குக் கோடு இழுத்தார்.
"மூளையில் மட்டும் இல்லை.
அதற்குச் செய்தி போவதற்கு முன்னாலேயே
தோலுக்கு அடியிலிருக்கிற நரம்பு கத்திவிடுகிறது.
நீங்கள் கதவைத் தட்டுகிறீர்கள்.
அவனுக்குக் கதவு உடைகிறது."
பேனாவை மூடினார்.
"பெங்களூருக்கு அனுப்பிய ரத்தம், ரிசல்ட் வந்துவிட்டது."

மூன்றெழுத்துச் சொல் ஒன்று
எல்லார் உடம்பிலும் எழுதியிருக்கிறதாம்.
முப்பது தடவை வந்தால் சரி.
என்னிடம் தொண்ணூற்று நாலு.
அது திக்கித் திக்கி
அவனிடம் நானூறைத் தாண்டிவிட்டது.
எனக்கு எங்கிருந்து வந்தது என்றேன்.
"உங்கள் அப்பாவுக்குக் கை நடுங்குமா?"

பச்சியப்பன், பாலக்கோடு தக்காளி மண்டியில்
கணக்கு எழுதியவர்.
அறுபதைத் தாண்டியதும்
டீ வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில்.
காலை அகட்டி அகட்டி நடந்தார்.
அவர் போட்ட எட்டு, ஆறு போலவும் இல்லை,
எட்டு போலவும் இல்லை.
மண்டியில் நிறுத்திவிட்டார்கள்.
குடி என்றார்கள்.
நானும் சொன்னேன்.
ஒரு தீபாவளிக்கு வாசலில் வந்து நின்றவரிடம்
தெளிந்த பிறகு வா என்றேன்.
ஊதிக்காட்ட வாயைத் திறந்தார்.
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
அவர் போய் மூன்று வருஷம்.

பஸ் ஸ்டாண்டில் மாதையனிடம்
என் பக்கத்து ரத்தம்தான் என்றேன்.
அவர் கொய்யா வாங்கப் போனார்.
வெகுநேரம் வாங்கினார்.

ஆடியில் மேலே அணையைத் திறந்தார்கள்.
அருவியில் குளிக்கத் தடை.
பரிசல்கள் கவிழ்ந்து கிடந்தன.
பதினோராம் நாள் கடன் சொல்லி
இருபத்தைந்து கிலோ சிப்பம் தூக்கி வந்தார்.
லோகித் பாயில் கிடந்து அலறிக்கொண்டிருந்தான்,
சிட்டுக் கட்டெறும்போ, வெறும் காற்றோ.
மூட்டை தோளிலிருந்து சறுக்கியது.
அல்லது அவர் விட்டாரா, இன்றுவரை கேட்கவில்லை.
அவன் தொடைமேல் இறங்கியது.

நான் கத்தினேன்.
அவன் நிறுத்தினான்.

இலேசுதான் எரித்திருக்கிறது.
ஒன்பது வருஷமாய்
மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே
தொட்டிருக்கிறோம்.

மாதையன் மண்டியிட்டார்.
எண்ணெய் இல்லை, தடவல் இல்லை.
இரண்டு உள்ளங்கைகளையும் மகன் தோளில் ஊன்றி
பாறைமேல் சாய்கிற மாதிரி சாய்ந்தார்.
விரல் ஒன்றுகூட அசையவில்லை.
லோகித் ஓட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.
கொஞ்ச நேரம் கழித்துக் கொட்டாவி விட்டான்.

அந்த அரிசியைத்தான் நாங்கள் சாப்பிட வேண்டும்.
உலைக்கு ஒரு படி எடுக்கும்போதெல்லாம்
பழைய பை ஒன்றில்
ஒரு படி ஆற்றுமணல் போட்டு
மூட்டையோடு சேர்த்துக் கட்டுகிறேன்.
தராசு கிடையாது.
கையில் தூக்கித்தான் பார்க்கிறேன்.
கை கொஞ்சம் நடுங்குகிறது.
கனத்தினால் இருக்கும்.