கோரம்

சட்டப்படி அது ஒரு ஆள்.
விஷாரத்து ஷம்ஷாத்தும் நானும் பெற்றது.
மூச்சில்லை, பான் கார்டு உண்டு.
வழக்குப் போடும், வழக்கு வாங்கும்,
நாங்கள் செத்தாலும் சாகாது.

சிப்காட் நிறுத்தத்தில் நின்றபடி
ஜெராக்ஸ் நோட்ஸில் படித்தேன்:
லிமிடெட் என்றால்
போட்ட பணத்தோடு போயிற்றாம்.
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.
பிறகுதான் ஞாபகம்,
பேங்கில் நீட்டிய தாளில்
சொந்த ஜாமீன் என்று என் கையெழுத்து,
அதன்கீழ் அவள் உருதுவில் போட்டது.
அங்கே முடிகிறது லிமிடெட்.

கோரம்.
முதலில் பயங்கரம் என்றே வாசித்தேன்.
கூட்டம் செல்லுபடியாக
எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்காம்.
எங்களுக்கு இரண்டு.
இருப்பதே இரண்டு.

ஒரு லாரி ஷூ சோல் திரும்பி வந்ததிலிருந்து
பேச்சில்லை, நாற்பத்தொரு நாள்.
"உன் பசை" என்றாள்.
"உன் அவசரம்" என்றேன்.
நான் மட்டும் உட்கார்ந்தால் அது கூட்டமில்லை,
அவள் மட்டும் உட்கார்ந்தாலும்.

நேற்றிரவு ஏழு நாள் நோட்டீஸ் எழுதினேன்.
இடம்: முத்துக்கடை, மாடி அறை.
பொருள் ஒன்று: திரும்பிய சோல்.
பொருள் இரண்டு:
தலைவர் அனுமதியுடன் பிற விஷயங்கள்.
தலைவர் யாரென்று
நாங்கள் தீர்மானித்ததே இல்லை.

தபாலில் அனுப்பலாம்,
கையிலும் கொடுக்கலாம் என்கிறது நோட்ஸ்,
ஓரம் கறுத்த ஒன்பதாம் பக்கத்தில்.

வேலூர் பஸ் வந்தது.
விஷாரம் ஒன்று என்றேன் கண்டக்டரிடம்.