நூற்றுப்பத்து நிமிடம்

தீவு விரைவுச்சாலையில் யூனோஸ் அருகே
ஒரு லாரி கவிழ்ந்து, சாலையெங்கும் முட்டைக்கோஸ்.
வேனிலிருந்து ரஹ்மத் அழைக்கிறான்:
"அக்கா, நகரவே இல்லை."

அவன் முதுகுக்குப் பின்னால் ஈயப் பானைக்குள்
ஃப்ளூரின் குறைந்துகொண்டிருக்கிறது.
சிந்தவில்லை, ஆவியாகவில்லை.
நூற்றுப்பத்து நிமிடத்துக்குப் பாதி,
அடுத்த நூற்றுப்பத்துக்கு அந்தப் பாதியில் பாதி.
முட்டைக்கோஸ் அதற்கு ஒரு காரணமே கிடையாது.

எட்டரை மணிக்காரருக்குப் போட்ட கணக்கை
அழித்து எழுதுகிறேன்.
எந்த அணு அடுத்து உடையும் என்றால்
இயற்பியல் கையை விரிக்கும்.
கோடிக்கணக்கில் சேர்த்துக் கேட்டால் நிமிடம் பிசகாது.
எங்கள் புளோக்கில் மின்தூக்கிக்கு முதலில் வருவது யாரோ,
ஏழே காலுக்கு வரிசை எவ்வளவு நீளம் என்பது மட்டும் தெரியும்.
அந்த மாதிரி.

திரு தைரியநாதன், எழுபத்தொன்று, செம்பவாங்.
ஆறு மணி நேரமாய் வெறும் தண்ணீர்.
விரல் குத்திப் பார்த்தேன், ஏழு புள்ளி இரண்டு. போகலாம்.
"சர்க்கரைதான் ஏற்றுவோம், பயப்படாதீர்கள்."
"இருபது வருஷமாய் டாக்டர் வேண்டாம் என்றதை
ஊசியிலேயே தருகிறீர்களா!"

ஊசி போட்டது ஜியா ஹுய்.
மூன்று வாரமாய் அந்த வேலை எனக்கில்லை.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.

பிறகு ஒரு மணி நேரம் மங்கல் அறை, இரண்டு போர்வை.
பேசினால் தொண்டைத் தசை சர்க்கரையைத் தின்று
படத்தில் ஒரு நோய்போல் ஒளிரும்.
குளிர்ந்தால் கழுத்துக் கொழுப்பு.
மென்றால் தாடை;
சூயிங்கம் இல்லாத ஊரில் அந்தத் தொல்லை மட்டும் குறைவு.

வளையத்துக்குள் அவரைத் தள்ளும்போது
அவருக்குள் நொடிக்கு இருபது கோடி பாசிட்ரான்
புறப்பட்டுக்கொண்டிருக்கிறது.
ஒரு மில்லிமீட்டர் தாண்டுமுன்
ஏதோ ஓர் எலெக்ட்ரானிடம் மாட்டி
இரண்டும் இல்லாமல் போகும்.
மிச்சம் இரண்டு கதிர்,
ஒன்றுக்கொன்று முதுகு காட்டிக்கொண்டு.
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கணத்தில் தட்டினால்
'இந்தக் கோட்டில் எங்கோ' என்று
கணினி குறித்துக்கொள்ளும்.
எங்கோ. எங்கோ. எங்கோ.
கோடுகள் குறுக்கும் நெடுக்கும் விழுந்து விழுந்து
மூளை வருகிறது, இதயம் வருகிறது, சிறுநீர்ப்பை வருகிறது.
வலது நுரையீரலின் மேல் மூலையில்
வரக் கூடாத ஒரு பயறு வருகிறது.

அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை.
முகத்தைக் கண்ணாடிக்குப் பின்னாலேயே
சரிசெய்துகொண்டு போனேன்.

சட்டைப் பொத்தான் போட்டபடி கேட்டார்:
"இரண்டு பேட்ஜா?"

மார்பில் இருப்பது எல்லோருக்கும் உண்டு.
இடுப்பில், மடிப்புக்குள் செருகியது
பாதுகாப்பு அதிகாரிக்கும் என் கணவர் ஜெயகரனுக்கும் மட்டும் தெரிந்தது.
அம்மாவுக்கே இன்னும் சொல்லவில்லை.

கப்பல் பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம்
வெல்டிங்குக்குப் படம் எடுத்தவராம்.
எல்லோரும் போனபின் இரவில் கயிறு கட்டி,
இரிடியத்தைப் பெட்டியிலிருந்து வெளியே தள்ளிவிட்டு
ஓடிப்போய் நின்று எண்ணுவார்களாம்.
"கயிற்றுக்கு இந்தப் பக்கம் யார் வரக் கூடாது,
அதுதான் எங்களுக்கு முதல் பாடம்."
வேறொன்றும் சொல்லவில்லை. வாழ்த்துகூட.

பழக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அவர் வரவில்லை.
"விடுங்கம்மா, நானே திறக்கிறேன்."

நான் விலகிய பிறகுதான் நடந்தார்,
நடைவழியின் மறு சுவரோடு ஒட்டி,
தோள் சுண்ணாம்பில் உரச.
தூரம் இரட்டித்தால் நாலில் ஒன்று.
மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்று.
மின்தூக்கியில் ஆள் இருந்தது; அதை அனுப்பிவிட்டு
அடுத்ததற்குக் காத்திருந்தார்.

இப்போது மணி ஆறு.
உடைந்த ஃப்ளூரின் ஆக்சிஜனாகி
அந்தச் சர்க்கரை வெறும் சர்க்கரையாகிவிடும்.
செம்பவாங்கில் அவர் உடம்பு
பெரும்பகுதியைச் சாப்பிட்டு முடித்திருக்கும்.
வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறார்.

காலிப் பானையை எடுக்க ரஹ்மத் வந்தான்.
"நாளைக்கு எத்தனை பேர் அக்கா?"
"எட்டு."
"முட்டைக்கோஸ் இல்லாத வழியாய் வருகிறேன்."