நாற்பத்தைந்தரை

முந்நூறை நூற்றைம்பத்தாறு தசம் எட்டால் பிரித்தேன்.
வந்ததில் காற்பங்கு.
கம்பிக்குள் அலை கொஞ்சம் சோம்பல், அதற்காக
ஐந்து வீதம் தள்ளுபடி.
நாற்பத்தைந்தரை சென்ரிமீற்றர்,
ஒரு நூல் குறைய.
என் ரீலோட் கடைக் கணக்கை விட இது லேசு;
அலை யாரிடமும் கடன் சொல்வதில்லை.

நிமிர்ந்து நிற்க ஒரு செப்புக் கம்பி.
நாலு பக்கமும் சரிந்து இறங்க
சீலை கிழிந்த குடையின் நாலு கம்பிகள்.
சொக்கற்றின் சதுர அடியில்
மூலைக்கொரு துளை, துளைக்கொரு சுரை.
குடைக்கம்பி ஈயத்தைப் பிடிக்காது என்பது
இரண்டு விரல் சுட்ட பிறகுதான் தெரிந்தது.

குழாய் வாங்கியது பாலம் தாண்டி,
ஓட்டமாவடியில், ஜவுபர் காக்காவின் கடையில்.
"தண்ணிக்கா, கரண்டுக்கா?" என்றார்.
"காத்துக்கு" என்றேன்.
அரை அடி கூட வெட்டித் தந்தார்,
அந்த அரை அடிக்கும் காசெடுத்தார்.

தண்ணீர்த் தாங்கித் தூணில் கட்டும்போது
பக்கத்து வளவிலிருந்து சுந்தரமதி அக்கா:
"இறக்குகா அதை.
கூரையில கம்பி நிண்ட வீட்டுக்கு
ஆரார் வந்தவங்க எண்டு உனக்குத் தெரியாதா?"
தெரியும்.
அனுமதிக் கடிதத்தை மதிலுக்கு மேலால் நீட்டினேன்.
வாசிக்காமல் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.
பின்னேரம் திரும்பி வந்து கேட்டாள்,
"பாட்டுப் போடுமா அது?"

வயர் சுவருக்குள் நுழையுமுன்
ஒரு முழத் தொங்கல் விட்டேன்.
மழை அந்த வளைவு மட்டும் வரலாம்,
அங்கே சொட்டி விழுந்துவிட வேண்டும்.

மூன்று நாள் வெறும் இரைச்சல்.
நாலாம் நாள் குரல்களும் ஒரு காகமும்.
அது உச்சிக் கம்பியில் இருந்தால்
வாழைச்சேனைத் துறைமுகம் மங்கிப் போகும்,
பறந்தால் திரும்பி வரும்.
ஐஸ் எவ்வளவு மிச்சம், சூரை என்ன விலை.
மச்சானின் கலியாணத்துக்கு வராததற்கு ஒருவன்
பதினாறாம் சனலில் நியாயம் சொல்ல,
யாரோ அதட்டினார்கள்.
வேறு சனலுக்கு ஓடினான்.
ஸ்கானர் பின்னால் ஓடியது. நானும்தான்.

ஐப்பசி. ராத்திரி ஒன்று நாற்பது.
மேற்கே மின்னல்.
செருகியைக் கழற்ற எழும்பிய நேரம்,
"எஞ்சின் நிண்டிட்டு. ஆருக்கும் கேக்குதா?"

"ஆருக்காவது கேக்குதா?"

கேக்குது என்றேன்.
அறைக்குள், சத்தமாக.
பெட்டியில் ஒலியைக் கூட்ட ஒரு குமிழ்,
இரைச்சலை அடக்க ஒரு குமிழ்.
பேச ஒன்றும் இல்லை.
வாங்கும்போதே தெரிந்த விஷயம்தான்.
என்றாலும் கட்டைவிரல் அதன் விலாவைத்
தடவித் தடவித் தேடிற்று.

எட்டு டிகிரி, இரண்டு மினிட்.
ரீலோட் அட்டையின் முதுகில் எழுதினேன்.
இடி ஓடுகளை உலுப்பிற்று.
கழற்று.
எண்பத்தொரு டிகிரி...
மினிட்டைச் சொல்லு மனே, கெதியாச் சொல்லு.
"நாப்பத்தொண்டு."
கழற்றினேன்.
செருகிக்கும் சொக்கற்றுக்கும் நடுவில்
நீலமாய் ஒரு பொட்டு வெடித்தது.

துறைமுகத்தில் மூன்றாவது அழைப்புக்கு ஒரு நித்திரைக் குரல்.
எழுதிக்கொண்டது. பிறகு,
"நீங்க ஆரு? எப்பிடித் தெரியும்?"
"கேட்ட நான்."
"என்னத்தில?"
"குடைக்கம்பியில."
வைத்துவிட்டான்.

மூன்றரைக்கு இடி விட்டது. திரும்பச் செருகினேன்.
இரைச்சல். அதற்குள் சிங்களத்தில் இருவர்.
எனக்குத் தெரிந்த சிங்களம்
மீதிக்காசு கொடுக்கும் அளவு.
'கம்பய' மட்டும் விளங்கிற்று. கயிறு.
கட்டியாயிற்று என்றார்களோ,
அறுந்துவிட்டது என்றார்களோ.
அந்தப் படகைத்தான் சொன்னார்களோ.
சிரித்தார்கள் ஒருமுறை.
சிரிப்பை நான் நம்பினேன்.

விடிந்ததும் தாங்கியில் ஏறினேன்.
கடற்பக்கக் குடைக்கம்பி காற்றில் மடங்கிக் கிடந்தது.
பழைய சரிவுக்கு வளைத்து, சுரையை இறுக்கினேன்.
மதிலில் காகம்
நான் எப்போது இறங்குவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தது.