பொறி பார்க்கிறவள்

ஒட்டுசுட்டானில் கரண்ட் வர ஏழரை.
லப்டொப்பில் நேற்று விட்ட இடம்:
நிலவறை வாசல், ஒரு தீப்பந்தம்.

றெஜினோல்ட் கேடயக்காரனை முன்னுக்கு விடுகிறான்.
அடி வாங்கத்தான் அவன். உயிர் நூற்றிருபது.
வைத்தியக்காரியிடம் மந்திரம் இரண்டே மிச்சம்,
ஓநாய்க்கடிக்கெல்லாம் செலவழிக்காதை என்கிறேன்.
சூனியக்காரி டிலக்சிகாவின் ஆள்.
நெருப்பெறிந்தால் எங்கடை ஆக்களும் சேர்ந்து எரிவினம்;
ஒவ்வொரு முறையும் "சொறி" என்பாள்.

நாலாவது ஆள் என் தெரிவு.
"பொறி பார்க்கிற ஒருத்தியை எடு மதுசா,
உனக்குப் பழகின வேலைதானே."

காலை ஆறரையிலிருந்து முழங்காலில்.
முகக்கவசத்துக்குள் வியர்வை கண்ணில் இறங்கும்,
துடைக்கக் கூடாது.
கருவி கத்தக் கத்த
மண்ணை விரற்கடை விரற்கடையாய்ச் சுரண்டி
இன்றைக்கு எடுத்தது
ஒரு மீன்ரின் மூடி, இரண்டு கூரை ஆணி.

வில்லுக்காரி ஒருத்தியை எடுத்தேன்.
பூட்டுத் திறக்கத் தெரியாது, பொறி தெரியாது.
வேகம் பதினெட்டு.
எந்தச் சண்டையிலும் முதல் அசைவு அவளுக்கு.

மூன்றாம் அறையில் தரை பிளந்தது.
ஈட்டிகள்.
கேடயக்காரனுக்கு உயிர் ஒன்பது,
வைத்தியக்காரி அவனுக்கு முதலே விழுந்துவிட்டாள்.
றெஜினோல்ட் தலையில் கை வைத்தான்.

சேமித்த இடத்துக்குத் திரும்பினோம்.
வாசலில் நாலு பேரும் முழு உயிரோடு,
அதே தீப்பந்தம்.

"இப்பவாவது ஆளை மாத்து."
"மாட்டன்."

கல் பாவிய அந்தத் தரையில்
என் வில்லுக்காரி குறுக்கால் ஓடுகிறாள்,
கீழே பார்க்காமல்.