நாற்பத்திரண்டாவது நோட்டு

கிட்வேயில் மின்சாரம் போய் மூன்று மணி நேரம்.
கைப்பேசி விளக்கைத் தக்காளி டப்பாவில் சாய்த்துவைத்து
முதலாமாண்டு வேதியியல், செவ்வாய்ப் பிரிவு,
நாற்பத்திரண்டு நோட்டுகளைத் திருத்துகிறேன்.

சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் செறிவைக் கண்டுபிடி.
இதுதான் கேள்வி.
புட்டியின் மேலேயே என் கையெழுத்தில்
0.100 என்று ஒட்டியிருந்தது.
கண்டுபிடித்துவிட்டார்கள்.

நாற்பத்தொரு பேரும்
சொல்லிவைத்தாற்போல்
0.099, 0.101, 0.100,
மறுபடி 0.100.
ஒருத்தி நான்காம் தசம இடம் வரை
பொய்யைக் கொண்டுபோயிருந்தாள்.
அந்த உழைப்புக்கு அரை மதிப்பெண் தரலாம்.

குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.
நானும் இப்படித்தான் தேறினேன்:
விடையிலிருந்து பின்பக்கமாக நடந்து
ப்யூரெட்டுக்கு வந்து சேர்ந்து
அங்கே நிற்கும் நீர்மட்டத்தைப் பார்த்து
ஆமாம், நீயேதான் என்று சொல்லி.

கடைசி நோட்டு கபெம்ப்வாவுடையது.
0.087.
அதை அடித்துவிட்டு, கீழே 0.087.
அதற்கும் கீழே 0.088.
ஓரத்தில் பென்சிலால்:
மூன்று தடவை செய்தேன், மேடம். மன்னிக்கவும்.

முஃபுலிராவிலிருந்து வருகிறவன்.
உருக்காலைப் புகை இந்தப் பக்கம் திரும்பினால்
கொடியில் காயும் சட்டையை எடுக்க
தெருவே ஓடுகிற தெரு.
வகுப்பில் ஒரே ஒரு முறை வாய் திறந்தான்:
எங்கள் கூரைத் தகரத்தில் விழும் மழையை
இதே மாதிரி அளக்க முடியுமா?
பாடத்திட்டத்தில் இல்லை என்றேன்.

மதிப்பெண் அட்டவணையில் குழப்பமே இல்லை.
ஐந்து சதவீதத்துக்குள் வந்தால் பத்து,
தாண்டினால் நான்கு.
நான்கு போட்டேன்.
சிவப்பு மை காயுமுன்
திங்கட்கிழமை ஞாபகம் வந்தது.

அன்று நல்ல மழை.
பாதி எடைபோடும்போது தராசின் எண்கள் அணைந்தன.
ஜெனரேட்டருக்கு டீசல் கேட்டுக் கீழே போனேன்.
ஒரு கையெழுத்து, இன்னொரு கையெழுத்து,
சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார்.
திரும்பி வந்தால் ஜாடி திறந்தபடி,
வெள்ளை மணிகள் வியர்த்து
ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.
காற்றின் ஈரத்தைக் குடிக்கும் உப்பு அது.
இரண்டாம் பாடத்தில் நானே நடத்துகிறேன்.
தட்டிப் பிரித்து,
காரத்தோடு மழையையும் சேர்த்து எடைபோட்டு,
லேபிள் எழுதி ஒட்டினேன்.

குடை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு நடந்தேன்.
இந்த நேரத்தில் என்ன என்றார் காவலர் சின்யாமா.
ஒரு பொருளை விட்டுவிட்டேன் என்றேன்.
அது பொய்யில்லை.

செவ்வாய்க்கென்று எடைபோட்ட உப்பில்
மூன்று பொட்டலம் மிச்சம் இருந்தது.
குடுவைக்கு அடியில் வெள்ளையாக ஏதாவது வேண்டும்.
மதிப்பெண் அட்டவணையைத் திருப்பிப் போட்டேன்,
அதன் பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது.

துளி. சுழற்று. துளி.
சிவப்பு வரும், வெட்கப்பட்டு ஓடிவிடும்.
சொட்டுச் சொட்டாக அவசரப்படாமல் போனால்
ஒரு கட்டத்தில், ஒரே துளியில்,
நிறமா நினைப்பா என்று தெரியாத
ஒரு மெல்லிய ரோஜா
முப்பது விநாடி கலையாமல் நிற்கும்.
நான் ரொம்ப வருஷமாக
முப்பது வரை எண்ணியதில்லை.

0.087.

அடுத்த பொட்டலம்.
எண்ணும்போதே யோசித்தேன்,
நாற்பத்தொரு பத்துகளை என்ன செய்வது,
டாக்டர் ஹமூங்காவிடம் எப்படி ஆரம்பிப்பது,
நாளை எட்டு மணிக்கு வியாழன் பிரிவு வந்து
இதே புட்டியைத் திறக்குமே.

0.088.

விளக்குகள் திடீரென்று வந்தன.
மூலையில் குளிர்பெட்டி உறுமத் தொடங்கியது.
வெளிச்சத்தில் என் கையெழுத்து
இன்னும் அழகாகத்தான் இருந்தது, 0.100.

லேபிளின் ஒரு முனையை நகத்தால் நெம்பிப் பார்த்தேன்.
நன்றாக ஒட்டியிருந்தது.
அதை அப்படியே விட்டுவிட்டு
ப்யூரெட்டை மறுபடி சுழியம் வரை நிரப்பினேன்.
அவன் மூன்று தடவை செய்திருந்தான்.