வயதுக் கட்டம்

"வயது?"
"ஒன்பது," என்றாள் அர்னாங்குவாக்.
ஆண்டென்றுதான் படிவம் நினைத்துக்கொள்ளும்.

கையேட்டில் ஓர் எண். மருத்துவச்சி சொன்னது வேறு.
குல்லோர்சுவாக்கிலிருந்து கணவன்
தொப்புள்கொடி விழட்டும் என்றானாம்;
நேற்றுக் காலை விழுந்தது,
தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறாள்.

தபால் மூட்டை பதினாறு கிலோ.
படகு எஞ்சின் நாற்பத்தொன்று.
பிள்ளை, போர்வையோடு, மூன்றே முக்கால்.
முள் நிற்கவேயில்லை, உதைக்கிறான்.

"காது வலிக்குமா?"
எனக்கென்ன தெரியும், டிக்கெட் கிழிப்பவன்.
இறங்கும்போது பால் கொடு என்றார் விமானி.

போன மாதம்
இதே ஹெலிகாப்டரில் வந்து இறங்கியவன்தான்.
அன்று வயது கேட்கவில்லை நான்;
எடையைக்கூட
அவள் பெயரில்தான் எழுதினேன்.

உப்பர்னாவிக்கில் மூடுபனி விலகவில்லை.
ஒன்பதை அடித்துவிட்டுப்
பத்து என்று எழுதுகிறேன்.